பயிற்சி முடித்தவர்கள் ஒன்றுசேர: குழுவா, நிறுவனத்தின் அணியா, சங்கமா, அறக்கட்டளையா?

கடலூர், பண்ருட்டி, பாகூர் என்று பல பக்கத்திலிருந்தும் ஒரே கேள்வி வருகிறது. "குடிமைத் தலைமைப் பயிற்சி (உள்ளாட்சியில் கேள்வி கேட்கவும் தலைமை ஏற்கவும் சொல்லித் தரும் பயிற்சி) முடித்து நாலைந்து பேட்ச் வெளியே வந்துவிட்டோம். அடுத்து வருகிறவர்களுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. வாட்ஸ்அப் குழுவாகவே தொடரலாமா, பயிற்சி தந்த நிறுவனத்தோடு சேர்ந்தே இருக்கலாமா, தனிச் சங்கமாகப் பதிவு செய்யலாமா, அறக்கட்டளை வைத்துப் பணம் திரட்டலாமா?"

நான்குமே நல்ல வழிகள்தான். ஆனால் பல பேட்ச்கள் வேலையை முடிவு செய்வதற்கு முன்பே வடிவத்தை முடிவு செய்துவிடுகின்றன. சங்கத்துக்கு என்ன பெயர், தலைவர் யார், பொருளாளர் யார் என்பதிலேயே ஒரு வருடம் போய்விடுகிறது. அந்த ஒரு வருடத்தில்தான் புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிப் போகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

## துணை எதற்கு வேண்டும்?

குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்துப் பெண் பயிற்சி முடித்து ஊருக்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதும் தெரியும். கூட்டத்தில் எழுந்து வரவு செலவு அறிக்கையைக் கேட்கிறாள். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம், உக்காரும்மா" என்கிறார்கள். பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவள் போகவில்லை.

இங்கே முன்னாள் பேட்ச் என்ன செய்திருக்க முடியும்? வேறு ஊர்க்காரர் போய் அவளுக்காகப் பேச முடியாது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் கிராம சபை. ஆனால் கூட்டத்துக்கு முந்தின வாரம் அவள் தெருவில் நாலு பெண்களிடம் பேச உதவலாம். கேள்வியை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்லித் தரலாம். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடச் சொல்லலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகும்போது கூடப் போகலாம்.

இவற்றில் எதற்கும் பதிவுச் சான்றிதழ் வேண்டாம். தகவல் உரிமை மனுகூடச் சங்கத்தின் பெயரில் போடுவதில்லை. குடிமகன் என்ற முறையில் தனி மனிதர்தான் போடுகிறார். பணமும் பெரிதாக வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது என்பதால் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவுகூடக் குறைவுதான். வேண்டியது, முதல் ஒரு வருடம் போன் எடுத்துப் பேசுகிற ஓர் அண்ணனோ அக்காவோ.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து விஷயங்களில் ஒவ்வொரு வழியையும் பாருங்கள். புதிதாக முடித்தவருக்கு ஆறு மாதத்துக்குள் துணை போய்ச் சேருமா? பணம் யார் கையில் இருக்கும்? அரசையோ ஆலையையோ எதிர்த்துக் கேள்வி கேட்கும் சுதந்திரம் இருக்குமா? காகித வேலையை வருடா வருடம் யார் செய்வார்? ஆரம்பித்தவர்கள் விலகினால் நிற்குமா? மூன்றாவது கேள்வியைக் கடலூர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## வழி 1: பதிவில்லாத குழு

வேகத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கடலூர் வரை வந்தது. அந்த மாதிரி நேரத்தில் செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே படகு, எந்தப் பள்ளியில் முகாம் என்பதற்குக் கைபேசிக் குழுதான் சரி. வழிகாட்டியையும் புதியவரையும் ஜோடி சேர்ப்பதற்கும் இது போதும். அதற்கு ஒரு நோட்டும், நேரம் உள்ள ஒருவரும் இருந்தால் போதும்.

இதன் மறைமுகச் செலவு பணத்தில்தான் வரும். பதிவில்லாத குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது நடைமுறையில் பெரும் பாடு. அதனால் யாராவது ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு எல்லோரும் பணம் போடுவார்கள். சின்னத் தொகை என்றால் பரவாயில்லை. வெள்ள நிவாரணம் என்று பெரிய தொகை வந்தால், அது அவர் வீட்டுப் பணத்தோடு கலந்துவிடும். அவர் நேர்மையானவராக இருந்தாலும் கணக்குக் கேட்கிற முதல் ஆளோடு மனக்கசப்பு வந்துவிடும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணம் அவர் கணக்கோடு சேர்ந்து அவர் குடும்பத்துக்குப் போய்விடும். அது குழுவின் பணம் என்று நிரூபித்துத் திரும்ப வாங்குவது பெரும் பாடு.

இன்னொன்று, குழு நிர்வாகி யாரோ அவர்தான் தலைவர் என்று ஆகிவிடுகிறது. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மாற்றவும் முடியாது. உள்ளாட்சி ஜனநாயகம் படித்தவர்களுக்கு இது உறுத்த வேண்டும். தேர்தல் நெருங்கினால் கட்சிப் படங்களும் காலை வணக்கங்களும் நிரம்பி, வேலைச் செய்தி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அறிவிப்புக்குத் தனிக் குழு, பேச்சுக்குத் தனிக் குழு என்று பிரித்துவிடுங்கள்.

சின்னக் குழு, முதல் இரண்டு வருடம், பணம் புழங்காத வேலை: இந்த மூன்றும் பொருந்தினால் இந்த வழியே போதும்.

## வழி 2: பயிற்சி நிறுவனத்தின் கீழ் ஓர் அணி

நிறுவனத்திடம் எல்லாமே தயாராக இருக்கும். கூட்டம் போட ஹால், எல்லா பேட்ச்களின் பெயர்ப் பட்டியல், பயிற்றுநர்கள், வங்கிக் கணக்கு, ஆடிட்டர். உங்கள் நன்கொடையை அதன் கணக்கிலேயே தனித் தலைப்பில் வைத்து ரசீது தரலாம். அதைவிட முக்கியமாக, புதிய பேட்ச் உள்ளே நுழைகிற முதல் நாளிலேயே மூத்தவர்களைச் சந்திக்க முடியும். மற்ற மூன்று வழிகளிலும் பயிற்சி முடிந்த பிறகுதான் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் நிறுவனம் தன் நிதியாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது. திட்டம் மூன்று வருடம் என்றால் உங்கள் அணியை ஒருங்கிணைக்கிறவரின் சம்பளமும் மூன்று வருடம்தான். நிதியாளர் அறிக்கை கேட்கும்போது புகைப்படம் கேட்பார்கள், வெற்றிக் கதை கேட்பார்கள். புதியவருக்குத் துணை போகிற நேரம் அதில் கரையும்.

வெளிநாட்டு நிதி வாங்குகிற நிறுவனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. "முதலில் அணியாக இருப்போம், அப்புறம் தனியாகப் போகும்போது நிறுவனம் ஒரு தொகை தரும்" என்று நம்பியிருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொகை வெளிநாட்டுப் பணமாக இருந்தால் வராது.

சுதந்திரம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கடலூர் மாவட்டத்தில் குடிமைப் பிரச்சினை என்றால் தெருவிளக்கும் சாக்கடையும் மட்டும் இல்லை. குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் சிப்காட் ஆலைகளின் புகையும் கழிவுநீரும் இருக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியது. பயிற்சி பெற்ற ஒருவர் இதில் தன் ஊர் மக்களோடு நின்றால், அவருக்குத் துணை நிற்க உங்கள் அணியால் முடியுமா? நல்லெண்ணம் உள்ள நிறுவனம்கூடத் தன் பதிவுக்கு ஆபத்து வருமோ என்று தயங்கும். அந்தத் தயக்கத்தில் தப்பில்லை, அதற்கு ஊழியர்கள் இருக்கிறார்கள், வேறு ஊர்களில் பணிகள் இருக்கின்றன. ஆனால் தனியாக விடப்பட்டவருக்கு அது சமாதானம் ஆகாது. அணியாக இருக்கச் சம்மதிப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியை நிறுவனத்திடம் நேருக்கு நேர் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பயிற்சி இன்னும் வருடா வருடம் நடக்கிறது, நிறுவனத்தோடு நம்பிக்கை இருக்கிறது, வேலை பெரும்பாலும் வழிகாட்டுதல்தான் என்றால் இதுதான் சிறந்தது.

## வழி 3: பதிவு பெற்ற சங்கம்

தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர். அவர்கள் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. வருடம் ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்.

எனக்கு இந்த வடிவத்தின் மேல் மரியாதை உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுப்பது, கணக்கு வாசிப்பது, எதிர்த்து வாக்களிப்பது என்று பயிற்சியில் படித்ததை நம்மிடமே நடைமுறைப்படுத்திப் பார்க்கிற இடம் இது. சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கலாம். வழக்கு என்றால் சங்கமே மனுதாரராக நிற்கலாம். நாளைக்குத் தலைவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாலும் சங்கம் நிற்கும்.

செலவு எங்கே? பதிவுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான். அலுவலக முகவரி வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆடிட்டருக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கும் உண்டு. இரண்டு மூன்று வருடம் தாக்கல் செய்யாமல் விட்டால் தண்டத்தொகை சேரும். வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலைகூட வரும். இந்த வேலையெல்லாம் எப்போதும் ஒரே ஆள் தலையில்தான் விழும், பெரும்பாலும் செயலாளர் தலையில். அவர் சலித்துப் போகிற நாள் சங்கம் படுத்துவிடும்.

அதைவிடப் பெரிய செலவு பிளவு. பதிவில்லாத குழுவில் சண்டை வந்தால் நாலு பேர் வெளியேறுவார்கள், அவ்வளவுதான். பதிவு பெற்ற சங்கத்தில் இரண்டு தரப்பும் "நாங்கள்தான் உண்மையான செயற்குழு" என்று பதிவாளரிடம் போவார்கள், அங்கிருந்து நீதிமன்றம். துணை விதிகளை இணையத்தில் கிடைத்த மாதிரியிலிருந்து அப்படியே எடுத்து எழுதாதீர்கள். மூன்று விதிகளை நீங்களே யோசித்து எழுதுங்கள்: உறுப்பினர் யார், சந்தா கட்டாதவருக்கு வாக்கு உண்டா, தேர்தலில் நிற்கும் நிர்வாகி எப்போது விலக வேண்டும்.

கடைசி விதி நமக்கு மிகவும் முக்கியம். தலைமைப் பயிற்சி முடித்தவர்கள் தேர்தலில் நிற்பார்கள், நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தலும் மாநகராட்சித் தேர்தலும் கட்சிச் சின்னத்தில் நடக்கின்றன. ஒரே பேட்சில் படித்த இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிற நாளும் வரும். வேட்புமனு போடுகிற நாளே பதவி விலக வேண்டும், சங்கத்தின் பெயரையோ தொடர்புப் பட்டியலையோ பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இப்போதே எழுதி வைத்துவிட்டால் பின்னால் நட்பு கெடாது.

## வழி 4: நிதிக்கு ஓர் அறக்கட்டளை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் போதும். உதவித்தொகை தர, கட்டடம் வாங்க, பெரிய தொகையை வைப்பாக வைத்து வட்டியில் செலவு செய்ய இது ஏற்ற வடிவம். ஆனால் முடிவு அறங்காவலர்கள் கையில். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அவர்களை மாற்ற முன்னாள் மாணவர்களுக்கு வாக்கு இல்லை.

"80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் சான்றிதழ்) வாங்கினால் எல்லோரும் பணம் தருவார்கள்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2023–24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பான முறை, அதில் இந்தக் கழிவு கிடையாது. சம்பளம் வாங்கும் நம் ஆட்களில் பலருக்கு அதனால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் சலுகை இல்லை. மாதம் 100 ரூபாய் தருகிறவர்களை நம்பி நடக்கிற அமைப்புக்கு இந்தச் சான்றிதழ் அவசரமே இல்லை.

## சங்கமும் அறக்கட்டளையும், பக்கத்தில் பக்கத்தில்

| | சங்கம் | அறக்கட்டளை |
|---|---|---|
| எங்கே பதிவு | மாவட்டப் பதிவாளர் | சார்பதிவாளர் |
| முடிவு யாருடையது | பொதுக்குழு, செயற்குழு | அறங்காவலர்கள் |
| பொறுப்பாளர் மாற்றம் | மூன்று வருடத்துக்குள் தேர்தல் | பத்திரம் சொல்வதுபடி |
| எதற்கு ஏற்றது | பலர் சேர்ந்து செய்யும் வேலை | நிதி, சொத்து |
| எதில் உடையும் | இரு தரப்புச் சண்டை | ஒரு குடும்பத்தின் பிடி |

## புதுச்சேரிப் பக்கம் கணக்கே வேறு

கடலூரும் புதுச்சேரியும் ஒரே பேட்சில் கலந்திருப்பது சகஜம். பாகூர்க்காரருக்கு வில்லியனூரைவிடக் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் 1975 சட்டம் செல்லாது. அங்கே 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். ஒரே சங்கமாக இருக்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் அலுவலகம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தேவையும் வேறு. கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அந்தப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அந்த இடைவெளியே நமக்குப் பெரிதாகத் தெரிந்தது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. ஐந்து நகராட்சிகளையும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் (பல கிராமங்களைச் சேர்த்த ஊரக உள்ளாட்சிகள்) ஆணையர்கள் நடத்துகிறார்கள். அதனால் அங்கே பயிற்சி முடித்தவருக்கு வேட்புமனு நிரப்பச் சொல்லித் தருவதைவிட, கொம்யூன் ஆணையரிடம் மனு எப்படி எழுதுவது, எம்எல்ஏவிடம் எதைக் கேட்பது, தேர்தலை நடத்தச் சொல்லி எப்படிக் குரல் கொடுப்பது என்பதில்தான் துணை வேண்டும். கடலூருக்கு எழுதிய வழிகாட்டிக் கையேட்டை அப்படியே அங்கே கொடுத்தால் பயன்படாது.

பிறகு, பிரான்சில் இருக்கும் சொந்தங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. "எங்க சித்தப்பா பாரீஸிலிருந்து மாசாமாசம் அனுப்புறேன்னு சொல்றார்" என்று பேட்சில் யாராவது சொல்வார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும்கூட. அதை வாங்க உங்கள் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு வேண்டும். பொதுவாக அதற்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவு செய்திருக்க வேண்டும். பணத்தை வாங்கிய பிறகு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஆபத்து. தேர்தலில் நிற்கும் வேட்பாளரும், பதவியில் இருக்கும் மக்கள் பிரதிநிதியும் வெளிநாட்டுப் பணத்தைத் தொடவே கூடாது.

## அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு பேட்ச்தான் முடிந்திருக்கிறது என்றால் பதிவு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். குழுவாக இருந்து, ஒரு வழிகாட்டிக்கு இரண்டு புதியவர் என்று ஜோடி சேருங்கள். ஒரே ஒன்றியத்தில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோவில்காரருக்குக் கடலூர்த் துறைமுகத்திலிருந்து வழிகாட்டி போட்டால் போனோடு நின்றுவிடும். பெண்களுக்குப் பெண் வழிகாட்டி கிடைத்தால் நல்லது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. கணவரோ மாமனாரோ கூட்டத்தில் பேச, பெயருக்கு மட்டும் பதவியில் இருந்த அனுபவத்தைத் தாண்டி வந்த அக்காவால்தான் அடுத்தவருக்கு அதைச் சொல்ல முடியும்.

ஐந்தாறு பேட்ச் ஆகி, நிறுவனமும் பயிற்சியைத் தொடர்கிறது என்றால் வழிகாட்டும் வேலையை நிறுவனத்தின் அணியாகவே செய்யுங்கள். போராட்டம், வழக்கு, ஆலை, நிலம் என்று உரசும் வேலைகளுக்கு மட்டும் தனிச் சங்கம் வையுங்கள். இரண்டிலும் ஒரே ஆட்கள் இருக்கலாம், நிர்வாகிகளும் வங்கிக் கணக்கும் வேறாக இருக்க வேண்டும். நிறுவனம் பயிற்சியையே நிறுத்திவிட்டது என்றால் சங்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர்ப் பட்டியலும் பயிற்சிக் கையேடுகளும் உங்களிடம் வந்து சேர்வதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

அறக்கட்டளையைப் பற்றி, யாராவது ஒரு மனையோ பெரிய தொகையோ தருகிறேன் என்று உறுதியாகச் சொன்ன பிறகு யோசித்தால் போதும்.

பதிவு செய்வது என்று முடிவு எடுத்துவிட்டால், ஏழு பேரைச் சேர்ப்பதற்கு முன் ஒரே ஒருவரைத் தேடுங்கள்: மூன்று வருடம் கணக்கும் தாக்கலும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொள்பவரை. அவருக்கு ஆடிட்டர் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சந்தாவிலிருந்து கொடுத்துவிடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை குழுவாகவே இருங்கள்.